போல்ட்டுக்கும் பொருளுக்கும் நடுவே: வாஷர் என்ன வேலை செய்கிறது?

பணகுடி, காவல்கிணறு பக்கம் சாலையோர டீக்கடைகளில் தார்ப்பாயை மரச்சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஆணித்தலைக்குக் கீழேயும் ஒரு சோடா மூடி இருக்கும். சுத்தியலால் தட்டி நிமிர்த்திய மூடி. அது இல்லாமல் வெறும் ஆணியை அடித்தால் வைகாசிக் காற்றுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. ஆணி மரத்திலேயே இருக்கும். தார்ப்பாய் மட்டும் ஆணித்தலை அளவுக்குக் கிழிந்து கழன்று போயிருக்கும். மூடி வைத்து அடித்தால் அதே ஆணிதான், அதே காற்றுதான், பாய் நிற்கிறது.

அந்தச் சோடா மூடி ஒரு வாஷர். கடையில் போய் "வாசர் குடுங்க" என்று நாம் கேட்கும் வட்டத் தகடு செய்கிற முதல் வேலையும் அதுதான். சின்ன இடத்தில் விழும் அழுத்தத்தை வாங்கி, பெரிய இடத்தில் பரப்பிக் கொடுப்பது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்க, நடுவில் ஓட்டை போட்ட காலணாக் காசை 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். அந்த ஓட்டைக் காலணாவை வண்டியிலும் கதவிலும் வாஷராகப் போட்ட கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊரில் பழைய கிட்டங்கிகளின் வெளிச்சுவரில் வட்டமாகவோ நட்சத்திரம் மாதிரியோ கனத்த இரும்புத் தட்டு பதிந்திருப்பதையும் பார்த்திருக்கலாம். உள்ளே ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஓடும் இரும்புக் கம்பியின் முனை அது. சுவர் வெளியே சாயாமல் கம்பி இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு செங்கல்லைப் பொடித்துவிடாமல் தட்டு தாங்குகிறது. அதுவும் வாஷர்தான், ஒரு முழம் அகலத்தில்.

நான் பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங்கும் ஷெட் வேலையும் கற்றுக்கொண்டவன். 30 வருடத்தில் நான் பார்த்த பழுதுகளில் போல்ட் அறுந்தது குறைவு. போல்ட் நன்றாக இருக்க, அதன் கீழே இருந்த வாஷர் தப்பாக இருந்ததால் வந்த பழுதுதான் அதிகம். தேவையில்லாத இடத்தில் இரண்டு வாஷர், வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, மெல்லியது இருக்கவேண்டிய இடத்தில் கனத்தது, ரப்பர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தகரம். இதில் புரியாத வித்தை எதுவும் கிடையாது. போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் வாஷர் எதற்கு என்பது தானே விளங்கும்.

முதலில் கணக்கு. 12 மி.மீ. போல்ட்டை 14 மி.மீ. துளையில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நட்டின் அடிப்பக்கம் சுமார் 18 மி.மீ. வட்டம். துளை போக, பொருளைத் தொட்டு அழுத்தும் இடம் ஏறக்குறைய 100 சதுர மி.மீ. மட்டுமே. 24 மி.மீ. வெளிவட்டம் உள்ள சாதாரண பிளெயின் வாஷர் ஒன்றைப் போட்டால் அது 300 ஆகிறது. 37 மி.மீ. பெரிய வாஷர் போட்டால் 900-ஐத் தாண்டுகிறது. ஒரே போல்ட், ஒரே இறுக்கம். பொருள்மேல் விழும் அழுத்தம் மூன்றில் ஒன்றாகவோ ஒன்பதில் ஒன்றாகவோ குறைகிறது. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பெரிய வாஷர் மெல்லியதாக இருந்தால் நட்டைச் சுற்றி நடுப்பகுதி குழிந்து, ஓரம் மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்ட ஓரம் எதையும் தாங்காது. அகலம் கூடினால் கனமும் கூடவேண்டும்.

மரவேலையில் இது நன்றாகத் தெரியும். ஓட்டு வீட்டுக்கூரையில் பனங்கையையும் உத்தரத்தையும் போல்ட் போட்டுப் பிணைக்கும்போது வாஷர் சின்னதாக இருந்தால், இறுக்க இறுக்க நட்டு மரத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். இறுகுகிறது என்று கை நினைக்கும், உண்மையில் நார் நசுங்கிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய மரக்கட்டுமான விதியில் வாஷரின் அகலம் போல்ட் விட்டத்தைப்போல குறைந்தது 3 மடங்கும், கனம் 0.3 மடங்கும் இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 12 மி.மீ. போல்ட்டுக்கு 36 மி.மீ. அகலம், 3.6 மி.மீ. கனம். நம் பட்டறைகளில் பட்டையை வெட்டித் துளை போட்டுச் சதுரமாக ஒரு தகடு செய்துகொள்வோம். அது இதற்குச் சரியாகவே பொருந்தும். மரம் காய்ந்து சுருங்கும் என்பதால், ஒரு கோடை கழித்து மறுபடி ஏறி நட்டை ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

ஒரு தாள் கனம்

இப்போது இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு வருவோம். அங்கே எதுவும் நசுங்காதே, வாஷர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் போல்ட் பிடிப்பதே அதனால்தான். நட்டைத் திருகும்போது மரை வழியாக ஏறி அது போல்ட்டைக் கொஞ்சம் நீட்டுகிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் சேர்த்து நெரித்து வைத்திருக்கிறது. தலையில் 8.8 என்று பலத்தின் தரம் அடித்த 12 மி.மீ. போல்ட்டை முறையாக இறுக்கினால் உள்ளே இருக்கும் இழுப்பு ஏறக்குறைய 4 டன். அவ்வளவு இழுப்புக்கு அது எவ்வளவு நீண்டிருக்கும்? நட்டுக்கும் தலைக்கும் இடையே 50 மி.மீ. இருந்தால், நீட்சி சுமார் 0.1 மி.மீ. நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளின் கனம்.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் வேலை செய்யும் விதமே மாறிவிடும். 4 டன் பிடிப்பு ஒரு தாள் கனத்தில் இருக்கிறது. நட்டுக்குக் கீழே எங்காவது பாதித்தாள் கனம் அமுங்கிப்போனால், பிடிப்பில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது, பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் போல்ட் லூஸ். பெயின்ட் அடித்த தகட்டின்மேல் நட்டை வைத்து இறுக்கினால், பெயின்ட் நாள்பட நசுங்கி வெளியே பிதுங்கும். இரண்டு கோட் பெயின்ட் என்றாலே அந்தத் தாளின் கனத்தை நெருங்கிவிடும். துரு, வெல்டிங் பொறி ஒட்டிய இடம், துளை போட்ட பிசிறு, இவையும் அப்படித்தான்.

வாஷரே அமுங்கினாலும் இதே கதைதான். கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் வாஷரில் பெரும்பாலானது மென்மையான தகட்டில் அடித்தது. கேட்டுக்கும் பெஞ்சுக்கும் அது போதும். ஆனால் 8.8 போல்ட்டுக்கு மென்மையான வாஷரைப் போட்டால், இறுக்கிக் கழற்றிய பிறகு எடுத்துப் பாருங்கள், நட்டின் அறுகோணம் அதில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் நீங்கள் இழந்த பிடிப்பு. 8.8 வரைக்கும் 200 எச்.வி. (விக்கர்ஸ் என்ற கடின அளவு) உள்ள வாஷர், அதைவிடப் பலமான 10.9 போல்ட்டுக்கு 300 எச்.வி. என்பது சர்வதேசத் தரத்தில் உள்ள கணக்கு. இந்தியத் தரத்தில் சாதாரண பிளெயின் வாஷருக்கு ஐ.எஸ். 2016, உயர்பலக் கட்டுமான போல்ட்டுகளுக்கான சூடேற்றிக் கடினப்படுத்திய வாஷருக்கு ஐ.எஸ். 6649. கயத்தாறு, இராதாபுரம் பக்கம் காற்றாலைக் கோபுரத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று பிணைக்கும் பெரிய போல்ட்டுகளில் போடுவது இந்தக் கடின வகையைத்தான். அதில் துளையின் ஒரு பக்கம் உள்விளிம்பு சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சீவிய பக்கம் போல்ட் தலையைப் பார்த்து வரவேண்டும். தலையும் தண்டும் சேரும் இடத்தில் இருக்கும் வளைவு அதில் முட்டாமல் உட்காருவதற்காகச் செய்த ஏற்பாடு. தலைகீழாகப் போட்டால் வளைவின்மேல் வாஷர் ஏறி நிற்கும். காற்று அடிக்க அடிக்க, போல்ட் முதலில் களைத்துப்போகும் இடம் அந்த வளைவுதான்.

உராய்வு விஷயம் ஒன்று உண்டு. நட்டைத் திருகும்போது நாம் போடும் பலத்தில் போல்ட்டை நீட்டுவதற்குப் போவது சுமார் 10 சதவீதம் மட்டுமே. 50 சதவீதம் நட்டின் அடியில் உராய்வாகவும், 40 சதவீதம் மரையில் உராய்வாகவும் போய்விடுகிறது. அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் அந்த 50 இன்னும் கூடும். நீட்டுவதற்கு மிஞ்சுவது 5-ஆகவும் ஆகலாம். திருகும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சத்தம் கொடுத்துவிடும், போல்ட்டில் இழுப்பு இருக்காது. வழுவழுப்பான வாஷர் ஒன்று நட்டுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரே மாதிரி இறுகும். அதனால்தான் ஒரு வாஷர்தான் போடுகிறோம் என்றால் அதைத் திருகும் பக்கம் போடவேண்டும். நட்டைத் திருகினால் நட்டுக்குக் கீழே, தலையைத் திருகினால் தலைக்குக் கீழே.

'ப' மாதிரி வடிவமுள்ள இரும்புச் சேனலிலும், ஆங்கில 'ஐ' மாதிரி உள்ள ஐ-பீமிலும் துளை போட்டு போல்ட் பூட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பழைய வகை உருட்டுச் சேனலின் உள்பக்கம் சமமாக இருக்காது, சரிந்து இருக்கும். அங்கே நட்டை உட்கார வைத்தால் ஒரு ஓரம் மட்டும் தொடும், இறுக்கினால் போல்ட் வளையும். இதற்கென்றே ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் சரிவு வாஷர் இருக்கிறது. சேனலுக்கு ஐ.எஸ். 5372, ஐ-பீமுக்கு ஐ.எஸ். 5374. இரண்டு சரிவும் வேறு வேறு என்பதால் ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடக்கூடாது.

ஸ்பிரிங் வாஷர் மேல் வைத்த நம்பிக்கை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊரில் எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும், அதிர்வில் நட்டு கழலாமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் போடு என்பார். ஒரு இடத்தில் வெட்டி, வெட்டுவாய் விலகி நிற்கும்படி முறுக்கிய வளையம் அது. நானும் அதைத்தான் கற்றுக்கொண்டேன், பத்து வருடத்துக்கு மேல் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல் சலிக்கும் சல்லடைப் பெட்டி. மோட்டார் சுற்ற, பெட்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் தாங்கிகளில் இருந்த நட்டுகள் வாரம் ஒருமுறை கழன்றன. ஒவ்வொன்றிலும் புது ஸ்பிரிங் வாஷர் போட்டோம். மறுவாரமும் கழன்றன. இரண்டு ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பார்த்தோம், இன்னும் சீக்கிரம் கழன்றன. கையில் பிடித்திருந்த பாடத்துக்கும் கண் முன்னால் நடப்பதற்கும் பொருத்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதற்கான விடையை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே சோதனையில் காட்டிவிட்டார். போல்ட் நீளவாக்கில் அதிர்வதால் நட்டு கழல்வது குறைவு. பிணைத்த இரண்டு தகடுகளும் போல்ட்டுக்குக் குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஆடும்போதுதான் நட்டு தானே திரும்பிக் கழல்கிறது. சல்லடைப் பெட்டியில் நடந்தது அச்சாக அதுதான். அப்படியானால் கழலாமல் இருக்க முதல் வழி, வழுக்க விடாமல் போதுமான இழுப்போடு நெரித்து வைப்பது. ஸ்பிரிங் வாஷர் அதற்கு உதவுகிறதா? நல்ல போல்ட்டில் இருக்கவேண்டிய 4 டன் இழுப்பில் மிகச்சிறு பங்கு வந்தவுடனேயே ஸ்பிரிங் வாஷர் அமுங்கித் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அது ஒரு பக்கம் வெட்டிய சாதாரண வாஷர், அவ்வளவே. 1990-ல் நாசா வெளியிட்ட இணைப்புச் சாதனங்களுக்கான வடிவமைப்புக் கையேடு இதையே சொல்லி, இந்த வகை வாஷர் பூட்டுவதற்குப் பயன்படாது என்று முடிக்கிறது. ஜெர்மனி தன் ஸ்பிரிங் வாஷர் தரமான டி.ஐ.என். 127-ஐ விலக்கிக்கொண்டது. இந்தியாவில் ஐ.எஸ். 3063 என்ற தரத்தில் அது விற்பனையில் இருக்கிறது.

அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இழுப்பு குறைவாகவே இருக்கும் சின்ன ஸ்குரூக்களில், மின்சார டெர்மினல்களில், ரப்பரோ மரமோ இடையில் உள்ள மென்மையான இணைப்புகளில் அது கொஞ்சம் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். லூஸ் ஆனால் வெட்டுவாய் விரிந்து தெரியும் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் உதவும். ஆனால் உயிர்போகும் இடத்தில் அதை நம்பி நிற்கக்கூடாது. தலைக்குமேல் சுற்றும் சீலிங் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். தொங்கும் கம்பியின் போல்ட்டில் நட்டுக்கு வெளியே ஒரு ஸ்பிளிட் பின் செருகி இரண்டு காலையும் விரித்திருப்பார்கள். ஃபேனை விழாமல் காப்பது அந்த ஸ்பிளிட் பின்தான். ஃபேனை இறக்கி ஏற்றும் எலக்ட்ரீஷியன் அந்தப் பின்னைத் திரும்பப் போட்டாரா என்று நின்று பார்ப்பது நல்லது.

சல்லடைப் பெட்டிக்கு என்ன செய்தோம்? முதலில் ஸ்பிரிங் வாஷரை எடுத்துவிட்டுக் கடின பிளெயின் வாஷர் போட்டு, 8.8 போல்ட்டை அளவோடு இறுக்கினோம். அதன்மேல் இரட்டை நட்டு. இரட்டை நட்டிலும் ஒரு முறை இருக்கிறது: மெல்லிய நட்டு முதலில், அதாவது பொருளை ஒட்டி, கனத்த நட்டு மேலே. பெரும்பாலானோர் மாற்றித்தான் போடுகிறோம். மெல்லியதை இறுக்கி, அதை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு கனத்ததை அதன்மேல் இறுக்கும்போது, உண்மையான பாரத்தை மேல் நட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கனத்தது மேலே வரவேண்டும். பிறகு அந்தப் பெட்டி பல மாதம் ஓடியது. நைலான் வளையம் வைத்த நட்டும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சூடு அதிகமான இடத்தில், சுமார் 120 டிகிரிக்குமேல், அது ஆகாது. மரையில் ஊற்றும் லாக்டைட் வகைப் பசையும் இருக்கிறது. ஆப்பு வகை ஜோடி வாஷர் என்று ஒன்று வருகிறது: இரண்டு வாஷர்களின் உள்பக்கம் படிப்படியாகச் சரிவு வெட்டியிருக்கும், அந்தச் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்து. நட்டு கழலப் பார்த்தால் சரிவில் ஏறவேண்டும், ஏறினால் போல்ட் மேலும் நீளும். கழல முயற்சித்தாலே இறுகும். நல்ல யோசனை. விலைதான் அதிகம். இன்ஜின் வேலையில் தகட்டின் காதை மடக்கி நட்டின் பட்டையோடு ஒட்ட வைக்கும் வாஷர் ஒரு காலத்து வழி, இன்றைக்கும் நம்பகமானது. ஆனால் ஒருமுறை மடக்கிய காதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் வெடித்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும்.

கூரையைப் பிடித்திருப்பது

திருநெல்வேலிச் சீமையில் வாஷரைப் பற்றிப் பேசினால் கூரைக்கு வராமல் முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று பிழிந்துகொண்டு வருகிறது. பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் ஒரு பக்கம். தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் இன்னொரு பக்கம். காற்றாலைகளுக்கு வருமானம், ஷெட் போட்டவர்களுக்குக் கவலை.

காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். அந்த உறிஞ்சலில் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வரலாம். ஆனால் மெல்லிய கலர் ஷீட்டில், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினிலேயே ஸ்குரூ நிற்க, ஷீட் அதன் தலையைத் தாண்டி மேலே கழன்று போவதே நான் அதிகம் பார்த்தது. டீக்கடைத் தார்ப்பாய்க்கு நடந்ததேதான். இதைத் தடுப்பது ஸ்குரூவின் நீளமோ பலமோ இல்லை, தலைக்குக் கீழே உள்ள வாஷரின் அகலமும் விறைப்பும்.

ஒரே அடியில் கழல்வதைவிட மோசமானது இன்னொன்று. 1974 கிறிஸ்துமஸ் இரவில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 'டிரேசி' புயல் அடித்தது. நகரத்து வீடுகளில் 70 சதவீதத்துக்கு மேல் அழிந்தன அல்லது பெரிதும் சேதமடைந்தன. பிறகு ஆராய்ந்தபோது, தகரக் கூரைகள் ஒரே இழுப்பில் பிய்ந்து போகவில்லை என்று தெரிந்தது. மணிக்கணக்கில் காற்று ஏறி இறங்கியதில் ஷீட் ஸ்குரூத் தலையைச் சுற்றி மேலும் கீழும் வளைந்து, அந்த இடத்தில் கீறல் விட்டு, கடைசியில் கிழிந்திருக்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடிப்போமே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் அங்கே கூரை ஷீட்டுகளை ஏற்றி இறக்கும் பாரத்தில் சோதிப்பதும், ஷீட்டின் மேட்டோடு பொருந்தி உட்காரும் பெரிய புயல் வாஷர்களைப் போடுவதும் வழக்கமானது. நம் பக்கம் அத்தகைய புயல் அடிக்கடி வராது. ஆனால் வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நாள் தவறாமல் ஆட்டும் காற்று வருகிறது. ஷீட்டுக்குக் களைப்பு ஏற்ற அது போதும்.

தொழிலுக்கு வந்த புதிதில் சுரண்டை பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு நான் போட்ட ஷெட்டில், மேற்கு ஓரத்து ஷீட்டுகள் இரண்டாம் வருடம் போய்விட்டன. நடுவில் இருந்த ஒரு ஷீட்டும் அசையவில்லை. ஸ்குரூ இடைவெளியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருந்தேன். கூரையின் ஓரம், மூலை, முகடு இங்கெல்லாம் உறிஞ்சல் நடுப்பகுதியைவிட மிக அதிகம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஓரத்து இரண்டு வரிசைகளில் ஸ்குரூவை நெருக்கி, தலைக்குக் கீழே பெரிய வாஷரும் போட்டிருந்தால் அந்த மனிதருக்கு அந்த நஷ்டம் வந்திருக்காது. இன்றைக்கும் ஷெட் வேலைக்குப் போனால் முதலில் மேற்கு ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

கூரை வாஷருக்கு மழையைத் தடுக்கும் வேலையும் உண்டு. கலர் ஷீட் ஸ்குரூவில் மேலே இரும்பு வாஷர், கீழே கறுப்பு ரப்பர் ஒட்டியிருக்கும். அந்த ரப்பர் ஈ.பி.டி.எம். என்ற வகையாக இருக்கவேண்டும், வெயில் தாங்கும். விலை குறைந்த ஸ்குரூக்களில் சாதாரண ரப்பரோ பி.வி.சி.யோ வைத்திருப்பார்கள், நம் பங்குனி சித்திரை வெயிலுக்கு அது சில வருடத்திலேயே விறைத்து வெடித்துவிடும். இறுக்கும் பக்குவம் முக்கியம். ரப்பர் இரும்பு வாஷரின் ஓரத்தில் லேசாக எட்டிப் பார்த்தால் சரி. பிதுங்கித் தொங்கினால் அதிகம், எட்டியே பார்க்காவிட்டால் குறைவு. டிரில் மிஷினை முழு வேகத்தில் விட்டுத் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு, கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் வழக்கம். ஷீட்டின் மேட்டில், போல்ட்டைவிட 2, 3 மி.மீ. பெரிய துளை போட்டு, முதலில் தார் வாஷர், அதன்மேல் குடை மாதிரிக் கவிழ்ந்த ஜி.ஐ. வாஷர், பிறகு நட்டு. துளை பெரிதாக இருப்பது வெயிலில் ஷீட் நகர இடம் கொடுக்க. அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்காமல் தார் வாஷர் மூடுகிறது. நட்டை முழு பலத்தில் இறுக்கக்கூடாது. தார் வாஷர் ஷீட்டோடு படிந்து உட்கார்ந்தால் போதும், அதற்கு மேலே ஒரு சுற்று போனால் ஷீட்டில் கீறல் விழும், அடுத்த ஐப்பசி மழையில் வீட்டுக்குள் வாளி வைக்கவேண்டி வரும். ஆஸ்பெஸ்டாஸைத் துளைக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் ஊற்றி நனைத்து, வாயையும் மூக்கையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டு செய்யுங்கள். பழைய ஷீட்டைக் கழற்றுபவர்களுக்கும் இது பொருந்தும்.

மின்சாரம், உப்புக்காற்று, எண்ணெய்

சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வயற்காடுகளில் மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர் பெட்டி கருகிக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். வோல்ட்டேஜ்தான் காரணம் என்பார்கள், பல நேரம் உண்மையும்கூட. ஆனால் டெர்மினலைக் கழற்றினால், லக்குக்கும் (வயர் முனையில் மாட்டும் துளை வைத்த காது) டெர்மினலுக்கும் நடுவில் ஒரு இரும்பு வாஷர் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். இது பெரிய தப்பு. மின்சாரம் அந்த வாஷர் வழியாகப் போகவேண்டியிருக்கும். இரும்பு செம்பைவிடப் பல மடங்கு அதிகம் தடுக்கும்; துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் சுமார் 40 மடங்கு. அந்த இடம் சூடாகும், சூட்டில் லூஸாகும், லூஸானால் இன்னும் சூடாகும். லக் நேராக டெர்மினலின்மேல் படியவேண்டும். அதன்மேல் பிளெயின் வாஷர், அதன்மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட்டு. வரிசை இதுதான்.

அலுமினிய வயர் வந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மோட்டார் ஓடும்போது விரிந்து போல்ட்டில் முட்டி நசுங்கும். நின்று குளிர்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். பெரிய மின் இணைப்புகளில் இதற்காகவே கிண்ணம் மாதிரிக் குழிந்த வாஷர் போடுகிறார்கள். பிரான்சில் ஜூலியன் பெல்வில் 1867-ல் காப்புரிமை வாங்கியது, அவர் பெயராலேயே பெல்வில் வாஷர் என்று வழங்குகிறது. ஸ்பிரிங் வாஷரைவிடப் பல மடங்கு பலத்தோடு அது எதிர்த்து நிற்கும், விரிந்தாலும் சுருங்கினாலும் அழுத்தத்தை விடாது. எர்த் கம்பி மாட்டும் இடத்தில் பல் வைத்த நட்சத்திர வாஷர் போடுவது, அந்தப் பற்கள் பெயின்ட்டைக் கிழித்து உள்ளிருக்கும் உலோகத்தைத் தொடுவதற்காக.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி மாதிரிக் கடற்கரை ஊர்களில் வீட்டு மாடி கேட்டின் போல்ட்டுகளைப் பார்த்தால் எந்த வாஷர் முதலில் போயிருக்கிறது என்று தெரியும். பளபளவென்று முலாம் பூசியது. அதன்மேல் இருக்கும் துத்தநாகம் பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், கடையில் யாருக்கும் பிடிக்காது. அதில் இருப்பது அதைப்போல் பல மடங்கு. கடலோரத்தில் இந்த மங்கலானதை வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை அலுமினியத்தில் போடுவதென்றால் நடுவே நைலான் வாஷர் வேண்டும். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும்.

பைக்கிலும் டிராக்டரிலும் இன்ஜின் ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்குக் கீழே செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். அங்கே அது நசுங்கத்தான் வேண்டும். நசுங்கி மேடுபள்ளத்தை நிரப்பினால்தான் ஆயில் கசியாது. ஒருமுறை நசுங்கிய செம்பு விறைத்துவிடும். அவசரத்துக்கு அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும், ஒட்டியிருக்கும் கரியைத் தேய்த்துவிட்டுப் போடலாம். அலுமினியத்துக்கு அந்த வேலை வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள். பழைய வாஷரைப் போட்டுவிட்டு, கசிவை நிறுத்த போல்ட்டை மேலும் மேலும் இறுக்கி, கடைசியில் இன்ஜினின் அலுமினிய மரை உரிந்து வந்த வண்டிகளை நிறையப் பார்த்தாயிற்று.

கடைக்குப் போகும்போது போல்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வாஷரின் துளை தண்டைவிட அரை முதல் ஒரு மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கவேண்டும். அதற்குமேல் ஆடினால் நட்டு ஒரு பக்கமாக உட்காரும். விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தகட்டிலிருந்து அடித்தெடுத்த வாஷரில் ஒரு பக்கம் உருண்டையாகவும் மறுபக்கம் கூர்ப்பிசிறோடும் இருக்கும். பெயின்ட், மரம், பிளாஸ்டிக், ரப்பர் எதன்மேல் வைப்பதானாலும் உருண்டைப் பக்கம் அதைத் தொடட்டும். போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால், கிலோக்கணக்கு டப்பாவைத் தவிர்த்துக் கடின வாஷர் தனியாகக் கேளுங்கள். கடைக்காரர் புரியாமல் பார்த்தால், பழைய வாஷரில் நட்டு பதிந்த பள்ளத்தைக் காட்டுங்கள்.

சித்திரை முடிவதற்குள், காற்று இறங்கும் முன்னால், ஏணி வைத்து மேற்கு ஓரத்து வரிசையை மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் அந்த ஸ்குரூவைக் கழற்றி, ஒரு சைஸ் பெரியதாக, பெரிய வாஷரோடு போடுங்கள்.